கம்பியை எடுக்கச் சொல்கிறார்கள்

தம்பி,

நீ நன்றாக இருக்கிறாய் என்பது உன் புதுப் படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அவ்வளவு பச்சை, அவ்வளவு தங்கம். அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சாயங்காலம் நீயும், உன் கண்காட்சியை நடத்தப்போகிற அந்த கேலரி அம்மாவும் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு என்னிடம் பேசினீர்கள். நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் நீளப் படத்தை உடனே பார்சலில் அனுப்ப வேண்டுமாம். கண்காட்சியின் வாசலில் அதை வைப்பீர்களாம், உன்னுடைய ஆரம்பகால ஓவியம் என்று. அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. படத்தின் குறுக்கே போகும் கறுப்புக் கோட்டின் மேல் நீ வர்ணம் பூசி அதை இல்லாமல் ஆக்கிவிடுவாயாம். "ஆன்ட்டி, ஒர்க் ரொம்ப ப்யூட்டிஃபுல். நடுவுல போற அந்த பிளாக் லைன் மட்டும் கொஞ்சம் டிஸ்டர்ப் பண்ணுது. பாக்கறவங்களுக்கு ஜெயில் ஞாபகம் வருது" என்றார் அந்த அம்மா. "அது ஜெயில் இல்லம்மா, பஸ்ஸு" என்றேன். "சாரி ஆன்ட்டி?" "பஸ்ஸும்மா. பஸ் ஜன்னல் கம்பி." அவர் சிரித்துவிட்டு, "சோ ஸ்வீட்" என்றார். நீயாவது வாயைத் திறந்து ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். சொன்னாய். "அம்மா, ஒரே ஒரு கம்பிதான். அத எடுத்துட்டா படம் மூச்சு வுடும்மா." யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்துவிட்டேன். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், எனக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் எழுதுகிறேன். எழுதியதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அந்த அம்மாவிடமும் காட்டு. தமிழ் வாசிக்க வராது என்றார்கள், ஏதோ பட்டம் வாங்கினதைச் சொல்வது போலச் சொன்னார்கள். நீயே படித்துக் காட்டு.

முதலில் உன்னுடைய அறிமுகக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க எனக்கு அனுப்பினாய். ஒற்றுப்பிழைகளைத் திருத்தி அனுப்பிவிட்டேன், மற்ற பிழைகளைப் பற்றி நீ கேட்கவில்லை. "அலையாத்திக் காடுகளின் மடியில் வளர்ந்தவன் நான். சதுப்பு நிலத்தின் மூச்சே என் தூரிகையின் மூச்சு" என்று ஆரம்பிக்கிறது. (உனக்கும் அந்த அம்மாவுக்கும் எல்லாமே மூச்சு விட வேண்டும் போலிருக்கிறது. படங்களுக்கு ஆஸ்துமா இல்லை தம்பி.) அலையாத்தி என்ற சொல்லை நீ எங்கே கற்றாய்? நம் வீட்டில் அந்தச் சொல் புழங்கியதில்லை. சுரபுன்னை என்றுகூட நாம் சொன்னதில்லை. "பிச்சாவரம் போட்டிங்" என்றுதான் சொல்வோம், அதுவும் மதராஸிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து, கூட்டிக்கொண்டு போகும்படி நச்சரித்தால். அந்தக் காட்டின் மடியில் நீ வளர்ந்தது ஒரே ஒரு மத்தியானம். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போனார்கள். படகில் ஏற மாட்டேன் என்று அழுது, கரையிலேயே டீச்சரின் கைப்பையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். திரும்பி வந்து என்னிடம் நீ சொன்ன ஒரே விஷயம், அங்கே விற்ற மிளகாய் பஜ்ஜி நன்றாக இருந்தது என்பது. சதுப்பு நிலத்தின் மூச்சு பஜ்ஜி எண்ணெய் வாசனையாக இருந்ததென்று எழுதியிருந்தால் உன்னை ஒரு கலைஞன் என்று நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் நீ கூப்பிட்டாய் என்று சென்னைக்கு வந்து, கண்காட்சிக்கு நீ வரைந்திருக்கும் பதினொரு படங்களையும் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்ததில் உனக்கு வருத்தம். "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லும்மா" என்று பஸ் ஏற்றிவிடும்போது கேட்டாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இப்போது உன் முகம் எதிரே இல்லை. பதினொன்றிலும் வளைந்து போகும் கால்வாய்கள். பதினொன்றிலும் மேலேயிருந்து பார்த்த மரங்கள், காலிஃபிளவரைக் கவிழ்த்து வைத்ததுபோல. பாதிப் படங்களில் தண்ணீரில் சூரியன் கரைகிறது, மீதியில் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறாய். நான் உன்னிடம் கேட்க நினைத்த கேள்வி ஒன்றுதான். இதையெல்லாம் நீ எங்கே நின்றுகொண்டு பார்த்தாய்? அந்த உயரத்தில் மனிதன் நிற்க முடியாது. பருந்து பார்க்கலாம், அந்த அம்மா பறக்கவிட்ட ட்ரோன் பார்க்கலாம். ட்ரோன் பார்த்ததை லேப்டாப்பில் பார்த்து வரைந்திருக்கிறாய். ரிசார்ட்டின் வரவேற்பறையில், சாவிக்குக் காத்திருப்பவர்கள் தலைக்கு மேலே மாட்டுவதற்கு அவை மிகவும் பொருத்தம். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. அப்படிப்பட்ட படங்களுக்கு ஊரில் எப்போதும் தேவை உண்டு. சிதம்பரத்தில் நான்கு வீதியிலும் கோபுரத்தை வரைந்து விற்கிறார்கள், ஒருவர்கூடக் கோபுரத்தைப் பார்த்து வரைவதில்லை. போன வருஷத்துப் படத்தைப் பார்த்து இந்த வருஷத்துப் படத்தை வரைகிறார்கள். அவர்களாவது தங்களை எதனுடைய மடியிலும் வளர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை.

நீ எங்கே வளர்ந்தாய் என்று நான் சொல்கிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் வளர்ந்தாய். உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது, பார்க்கிறவர்கள் அக்காவும் தம்பியும் என்றுதான் நினைப்பார்கள். உன் அப்பா மஸ்கட்டில். அவர் அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு கடலூரில், எனக்குக் கிடைத்த நூலக வேலை சிதம்பரத்தில். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் உன்னையும் சிதம்பரத்திலேயே பள்ளியில் சேர்த்தேன். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்துப் பன்னிரண்டாம் வகுப்பு வரை. நீ நடந்த தூரத்தைவிட, விளையாடிய நேரத்தைவிட, அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தது அதிகம். பெரிய ஓவியர்களைப் பற்றிய புத்தகங்களை நூலகத்தில் ஆளில்லாத மத்தியானங்களில் நான் படித்திருக்கிறேன். ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தவர்கள், ஒரே ஆற்றங்கரையை விட்டு நகராதவர்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இவர்கள் அந்த மலையைத் தேடிப் போய்க் காதலித்தார்களா, இல்லை சின்ன வயசில் வேறு பக்கம் திரும்ப முடியாதபடி அதன் எதிரே உட்காரவைக்கப்பட்டார்களா? உன் விஷயத்தில் எனக்கு விடை தெரியும், ஏனென்றால் உன்னை உட்காரவைத்தது நான்தான்.

உட்காரவைத்தேன் என்பதுகூட மரியாதையான சொல். ஜன்னல் வழியாக உள்ளே திணித்தேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி உள்ளே நுழையும்போதே ஜனம் ஓட ஆரம்பிக்கும். துண்டு போடுகிறவர்கள், கைக்குட்டை போடுகிறவர்கள், டிபன் பாக்ஸ் போடுகிறவர்கள். துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை எடுத்துக் கீழே போட மாட்டார்கள். அதனால் நான் உன்னைத் தூக்கி ஜன்னலில் விட்டுவிடுவேன், நீ சீட்டில் நீட்டிப் படுத்துக்கொள்வாய், மூன்று பேர் இடத்துக்கும். கண்டக்டர் கத்துவார். "ஏம்மா, புள்ளையா லக்கேஜா? லக்கேஜ்னா டிக்கெட் போடணும்!" நீ உள்ளேயிருந்து, "நான் லக்கேஜ் இல்ல, எனக்கு அஞ்சு வயசு!" என்று பதில் கத்துவாய். டிக்கெட் காசை மிச்சம் பிடிக்க நான் சொல்லித்தந்த வயசு அது, ஏழு வயசு வரைக்கும் உனக்கு அஞ்சுதான். "இவன் போன வருசமும் இதத்தாம்மா சொன்னான்" என்பார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும். நான் மட்டும் புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. நாம் எந்தப் பக்கம் உட்காருவோம் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? எங்கே இடம் கிடைத்தாலும் போதும் என்று உட்காருகிறவள் இல்லை நான். வெயில் படாத பக்கம்தான். காலையில் தெற்கே போகும்போது சூரியன் கடல் பக்கம் இருக்கும், அதனால் மேற்குப் பக்கத்து ஜன்னல். சாயங்காலம் திரும்பும்போது சூரியன் மேற்கே இறங்கும், அதனால் கடல் பக்கத்து ஜன்னல். இதில் நான் யோசிக்காத ஒன்று நடந்தது. கடலோர ஊரில் பிறந்து வளர்ந்த நீ, அந்த வருஷங்களில் அந்த ரோட்டில் சூரியனையே பார்க்கவில்லை. எப்போதும் உனக்கு முதுகுப் பக்கம் அது இருந்தது. நீ பார்த்ததெல்லாம் வெளிச்சம் விழுந்த வயல், வெளிச்சம் விழுந்த சவுக்குத் தோப்பு, அதன்மேல் ஓடிக்கொண்டே வரும் நம் பஸ்ஸின் நிழல். மழைக்காலத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும்போது அந்த நிழல் தண்ணீர்மேல் ஓடும். மழை நாளில் நிழலும் இருக்காது, சோற்றுப் பானை கழுவின தண்ணீர் நிறத்தில் எல்லாமே ஒன்றாகிவிடும், எது வயல் எது வானம் என்று தெரியாது. அழகான இடம் என்று ஒருவரும் அதைச் சொன்னதில்லை. ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் யாரும் வண்டியை நிறுத்திப் படம் எடுத்து நான் பார்த்ததில்லை. நாமும் அதை ரசித்துக்கொண்டு போகவில்லை. நீ வாய்ப்பாடு ஒப்பிப்பாய், நான் தூங்குவேன், நடுவில் சண்டை போடுவோம். நிலம் அதுபாட்டுக்கு உன் கண்ணில் போய்க்கொண்டிருந்தது. நேசிக்கும் நிலம் என்று உன் குறிப்பில் எழுதியிருக்கிறாயே, அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நேசிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு நேசிப்பவர்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு போட்டிங் போகிறார்கள்.

உன் கண்ணைக் கெடுக்க என்னால் முடிந்ததையும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்பில் உன்னைச் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்த்தேன். அங்கே போய்வந்த எல்லாப் பிள்ளைகளையும் போல நீயும் இரண்டு முக்கோண மலைகள் வரைந்தாய். நடுவில் உதிக்கும் சூரியன், மலையிலிருந்து பாம்பு மாதிரி இறங்கும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. கடலூர்ப் பிள்ளைகளுக்கு எங்கே மலை? சிதம்பரத்தில் ஏது குன்று? தோசைக்கல்லைப் போலத் தட்டையான ஊர் நம்முடையது. வாத்தியாரிடம் கேட்டேன். "ஸீனரின்னா மலை இருக்கணும்மா" என்றார். அவர் சொன்னதை நம்பி, மலை வரையாத நாளில் உன்னைத் திட்டியிருக்கிறேன். போட்டியில் பரிசாகப் பிளாஸ்டிக் கோப்பை ஒன்றும் கொண்டுவந்தாய். இப்போது சொல்கிறேன், உன் பதினொரு படங்களும் அந்த இரண்டு மலைகள்தான். ஸீனரி என்றால் அலையாத்தி இருக்க வேண்டும் என்று இந்த வாத்தியாரம்மா சொல்லியிருக்கிறார்கள், நீ வரைந்திருக்கிறாய். ஒரே வித்தியாசம், அன்றைக்கு உனக்கு வயசு ஒன்பது.

இப்போது அந்த நீளப் படத்துக்கு வருகிறேன். கல்லூரியில் கடைசி வருஷம் நீ அதை வரைந்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு அது பிடிபடவில்லை. ஒரு கதவளவு நீளம், ஆனால் அரைக் கதவு உயரம்கூட இல்லை. மேலே வெளுத்துப்போன சாம்பல், கீழே தண்ணீரில் முங்கிய வயல், ஓரத்தில் இழுபட்டதுபோல ஒரு கருநிழல், நடுவில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒரு கறுப்புப் பட்டை. "என்னடா இது?" என்றேன். "தெரீலம்மா. கோடு போடணும்போல இருந்துச்சு, போட்டேன்" என்றாய். அதுதான் நீ உன் படத்தைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மையான வாக்கியம். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் உன் அப்பா மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்தார். கல்யாணமான புதிதில் அவரும் அந்த ரூட்டில் போய்வந்தவர். போனைத் திருப்பிப் படத்தைக் காட்டினாய். மனுஷர் இன்னும் கொஞ்சம் கிட்டே காட்டச் சொன்னார். பிறகு, "எந்தப் பக்கத்து சீட்டுடா?" என்றார். நீ விழித்தாய். "காலைலயா சாயங்காலமா?" என்றார் மறுபடியும். எனக்கு அப்போதுதான் விளங்கியது. உனக்கும் அப்போதுதான் விளங்கியது, உன் முகத்தைப் பார்த்தேன். உங்கப்பாவுக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது, பாராட்டவும் தெரியாது. "கம்பில துரு வேற இருக்கும், அது எங்க?" என்று குறைதான் சொன்னார். ஆனால் பாலைவனத்து அறை ஒன்றில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரை அந்தப் படம் பிடித்து பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டது. உன் தங்க ரேக்கு யாரையாவது எங்கேயாவது உட்காரவைக்குமா? லாபி சோபாவில் உட்காரவைக்கும்.

அதற்குப் பிறகு நான் கூடத்தைப் பெருக்கும்போதெல்லாம் அந்தப் படத்தின் எதிரே நின்றிருக்கிறேன். நின்று பார்த்ததில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். நீ அதைத் தெரிந்து செய்தாயா என்று எனக்குத் தெரியாது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கம்பி உன் தலைக்கு மேலே இருந்தது. நீ அண்ணாந்து பார்த்தால் அது வானத்தின் குறுக்கே போகும். வளர்ந்து பெரியவனான பிறகு அது உன் மார்புக்கு நேரே வந்துவிட்டது, அப்போது வயலின் குறுக்கே போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் இருந்தது. உன் கண்ணும் கம்பியும் ஒரே உயரத்தில் இருந்த காலம். அப்போது கம்பி சரியாக அடிவானத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், வானம் முடியும் இடமும் நிலம் தொடங்கும் இடமும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். உன் படத்தில் கம்பி அங்கேதான் இருக்கிறது. எனக்கு அந்த வயது நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னல் வழியாகத் தூக்கிப்போட முடியாத அளவுக்கு நீ கனத்துப் போயிருந்தாய், கூட்டத்தில் என் கையைப் பிடிக்க வெட்கப்பட்டாய், என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாய். அதற்கு முன்னால் நீ வெளியே பார்க்கவில்லை, வெளியே உனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். முதன்முதலாக நீயாகப் பார்க்கத் தொடங்கியபோது பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பி இருந்தது. அந்த உயரத்தை நீ அளவெடுத்து வரையவில்லை. உன் கை வரைந்தது.

இப்போது நீயும் அந்த அம்மாவும் சேர்ந்து அதை எடுக்கப் போகிறீர்கள். எடுத்தால் அடியில் என்ன இருக்கும் என்று யோசித்தாயா? வானம் மேலேயிருந்து வந்து பட்டையின் விளிம்பில் நிற்கிறது. வயல் கீழேயிருந்து போய் இன்னொரு விளிம்பில் நிற்கிறது. நடுவில் இருப்பது வெறும் துணி. அங்கே நீ எதையும் வரைந்ததில்லை, வரைய முடியாது, ஏனென்றால் நீ அதைப் பார்த்ததே இல்லை. அதனால் என்ன செய்வாய் என்பதும் எனக்குத் தெரியும். லேப்டாப்பைத் திறப்பாய். தூரத்தில் ஒரு மரவரிசை தேடுவாய். அந்த அம்மா தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கொஞ்சம் கோல்டு வைக்கலாமே என்பார். படம் மூச்சு விட ஆரம்பிக்கும். எல்லா ரிசார்ட்டிலும் எல்லாப் படங்களும் மூச்சு விடுகின்றன, குறட்டைகூட விடுகின்றன.

நான் பழசைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன் என்று நினைத்துவிடாதே. அந்த பஸ்ஸை எனக்குப் பிடிக்காது. அதில் போய்வந்த வருஷங்களில் என் முதுகெலும்பு என்ன ஆனது என்று எனக்குத்தான் தெரியும். இப்போது ரோடு அகலமாகிவிட்டது, ஊர்களுக்குள் நுழையாமல் வெளியே வெளியேயே போகிறது. நான் ஏசி வண்டியில் போகிறேன். கண்ணாடி திறக்காது, கறுப்பாக இருக்கும், எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், நானும்தான். கம்பி போனதற்காக யாரும் வருத்தப்படவில்லை, நானும் வருத்தப்படவில்லை. அந்த நிலத்தைக் காப்பாற்று, அந்த நிலத்துக்கு நன்றி சொல் என்றெல்லாம் உனக்குப் புத்தி சொல்ல வரவில்லை. நிலத்துக்கு உன் நன்றி எதற்கு? நீ கட்டாயம் நம்ம பக்கத்தைத்தான் வரைய வேண்டும் என்றும் சொல்லவில்லை. கட்டடத்தை வரை, கத்திரிக்காயை வரை, ஒன்றுமே இல்லாத நிறங்களை வரை. ஆனால் எதை வரைந்தாலும் நீ நின்ற இடத்திலிருந்து வரை. உன் கண்ணுக்கு எது குறுக்கே நின்றதோ அதையும் சேர்த்து வரை. ஒருவனை நிலம் உருவாக்குகிறது என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். நான் பார்த்தவரை உன்னை உருவாக்கியது முழு நிலம் இல்லை. ஒரு ஜன்னல் அளவு நிலம், பாதி மறைந்த நிலம், வெயில் படாத பக்கத்து நிலம். அதுகூட எனக்கு இருந்த வேலையாலும், எனக்கு வெயில் ஆகாததாலும் உனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நீ ஒரு படம் வரைந்தாய். ஒன்றே ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுகூட அமைவதில்லை.

உன்னை மண்ணின் மைந்தன் என்று அவர்கள் அழைப்பார்கள். வேட்டி கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வார்கள், ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். மண் வாசனை வீசுகிறது என்று, மழைக்குக் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறவர்கள் வந்து சொல்வார்கள். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொள், அது உன் தொழிலில் ஒரு பகுதி, எனக்குப் புரிகிறது. பதினொரு படங்களையும் விற்றுக்கொள். வாடகை கட்ட வேண்டும், வர்ணம் வாங்க வேண்டும். அதற்காக நான் உன்னைக் குறைவாக நினைக்கவில்லை. படங்களைத்தான் குறைவாக நினைக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று உனக்குத் தெரியும், தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்.

இனி என் பதில். நீளப் படத்தை அனுப்ப மாட்டேன். உங்கப்பாவிடம் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்காதே. அவரிடம் நேற்றே பேசிவிட்டேன், "புள்ள கேக்குறான், குடுத்துடேன்" என்றார், கம்பியை அழிக்கப் போகிறான் என்று சொன்னதும், "அப்ப வேணாம்" என்றார். நீ வரைந்தது, உனக்கு உரிமையிருக்கிறது என்று சண்டை போடுவாய். போடு. கேஸ் போடுவதென்றாலும் போடு, கடலூர் கோர்ட்டு நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், எனக்கொன்றும் சிரமமில்லை. வாசலில் வைக்க ஆரம்பகால ஓவியம் வேண்டுமென்றால் அந்த அம்மாவிடம் சொல், உன் இரண்டு மலைப் படம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, கூரியரில் போடுகிறேன், அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாசத்தால் பிடித்து வைத்துக்கொள்கிறேன், பிள்ளை ஞாபகமாக மாட்டி வைத்திருக்கிறேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அப்படி நினைத்தால் நீ இன்னும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. நீ யாரோ ஒருவர் பெற்ற பிள்ளையாக இருந்து, இந்தப் படத்தை நான் யாரோ ஒருவர் வீட்டில் பார்த்திருந்தாலும், இதற்கு எதிரே நின்றிருப்பேன், எப்படியாவது கேட்டு வாங்கி என் கூடத்தில் மாட்டியிருப்பேன். மற்ற பதினொன்றையும், நீ என் வயிற்றில் பிறந்தவன் என்பதற்காகக்கூட மாட்ட மாட்டேன்.

அம்மா